கூழைக்கடாக்களின் ஜோக்கர்

அசுவாவில் போய் எலாடியோ மெலோ வீடு எது என்று கேட்டால் ஆட்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஜோக்கர் வீடு என்று கேட்டுப் பாருங்கள். சவாரி ஏற்றிக்கொண்டு போகிற மோட்டார் சைக்கிள்காரன்கூட வண்டியை நிறுத்தி, அடுத்த திருப்பத்தில் நீலக் கதவு, பக்கத்திலேயே அவன் பெண்டாட்டியின் பியூட்டி பார்லர், தலையில் ரோலர் மாட்டிக்கொண்டு பெண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

அந்தப் பெயர் அவனுக்குப் பதினேழு வயதில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்று, அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கும் நம் தீவில் நடத்திவந்த பயிற்சி முகாமில் அவனைச் சேர்த்துக்கொண்டபோது அவன் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, பந்து சீறிக்கொண்டு வருகிற இடத்தில் நிற்பவன். அசுவாவில் பிறக்கிற பையன்கள் எல்லாருமே ஷார்ட்ஸ்டாப்தான். வேறு எங்காவது நிற்கச் சொன்னால் முகம் சுண்டிப்போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதற்குக் கிடைத்த பணத்தில் அம்மா வீட்டின் தகரக் கூரையைப் பிரித்துவிட்டு சிமெண்ட் கூரை போட்டார்கள். அக்கா நூரிஸ் மாகாண சாஃப்ட்பால் அணியில் பந்தெறிகிற பிட்சர். வீட்டிலேயே நல்ல கை தன்னுடையதுதான் என்றும், அமெரிக்காக்காரனுக்குக் கண் தெரியாததால் தம்பிக்கு யோகம் அடித்துவிட்டது என்றும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முகாமில் ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு பரவோனாவிலிருந்து யோவான்சி ஃபெலிஸ் வந்து இறங்கினான். எலாடியோவைவிட இரண்டு வயது இளையவன். ஒல்லிக்குச்சி, காலில் கடன் வாங்கின ஷூ. வந்த அன்று காலையிலேயே கோச் அவனுக்கு எட்டாத தூரத்தில் ஒரு பந்தைத் தரையோடு அடித்துவிட்டார். யோவான்சி ஓடி, சறுக்கி, கையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பந்தை எடுத்து, முழங்காலில் நின்றபடியே முதல் பேஸுக்கு எறிந்தான். பந்து போய் விழுந்த சத்தத்தைக் கேட்டதும் எலாடியோவுக்குத் தன் இடம் போய்விட்டது என்று தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் கோச் அவன் பக்கத்தில் வந்து நின்று, இரண்டாம் பேஸ் ஆடத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். வாழ்க்கையில் ஒருநாள்கூட அங்கே நின்றதில்லை.

அடுத்த வாரம் மூன்றாம் பேஸ்காரனுக்குக் காய்ச்சல். அங்கே அனுப்பினார்கள். அப்புறம் முதல் பேஸ். அப்புறம் யாரோ ஊருக்குப் போனான் என்று இடது பக்கத்துப் புல்வெளியில் நிறுத்தினார்கள். முகாமின் சமையல்காரம்மா மத்தியான நேரங்களில் சீட்டு விளையாடுகிறவள். தட்டில் சோறும் பீன்ஸும் போட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "நீ ஜோக்கர்டா தம்பி. எவன் கையில எது குறைஞ்சாலும் உன்னத்தான் எடுத்துச் சொருகுறானுங்க." மேசை முழுக்கச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் யோவான்சி. அன்றிலிருந்து அதுதான் பெயர்.

பிறகு அமெரிக்காவில் கோடைகாலம் கோடைகாலமாக ஓடியது. சின்னச் சின்ன ஊர்கள், நீண்ட பஸ் பயணங்கள், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ரொட்டி. எலாடியோவின் பை மற்றவர்களுடையதைவிடப் பெரியது, ஏனென்றால் அதில் நாலு கையுறைகள் இருந்தன. இரண்டாம் பேஸுக்குச் சின்னது, மூன்றாம் பேஸுக்கு ஒன்று, முதல் பேஸுக்கு அகப்பை மாதிரி ஒன்று, புல்வெளிக்கு நீளமாக ஒன்று. யார் எப்போது விழுவார்கள் என்று தெரியாததால் நாலுக்குமே எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருப்பான். சில வாரம் தினமும் ஆடுவான். சில வாரம் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துத் துப்புவான். யோவான்சி விறுவிறுவென்று மேலே போய், அமெரிக்காவின் உச்சியிலிருக்கும் பெரிய லீகில் நட்சத்திரமாகி, பரவோனாவில் தன் அம்மாவுக்கு மாடி வீடு கட்டினான்.

ஒரே ஒரு ஆகஸ்டில் எலாடியோவும் பெரிய லீகுக்குப் போனான். யாருக்கோ கணுக்கால் பிசகியதால் சில வாரங்களுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கீக்கோவின் மளிகைக் கடை வாசலில் டிவியை வெளியே இழுத்துப் போட்டு அசுவாவே கூடியது. டிவிக்காரன் ஜோக்கர் விதை கொறிப்பதைக் காட்டினான். மறுநாளும் அதையே காட்டினான். கடைசியில் அவனைப் பேட்டோடு அனுப்பியபோது, சரியாகப் படாமல் மேலே போன பந்து மூன்று பேருக்கு நடுவே தொப்பென்று விழுந்தது. பெரிய லீகில் அவன் அடித்த அடி அது ஒன்றுதான். குளிர்காலத்துக்கு ஊர் திரும்பியதும் கீக்கோ பீர் பாட்டிலைத் திறந்து அவன் முன்னால் வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"மூணு பேரும் 'நீங்க எடுங்க, நீங்க எடுங்க'ன்னு மரியாதை பண்ணிக்கிட்டானுங்கப்பா. அதுக்குள்ள நம்ம ஆளு பேஸ்ல போய் நின்னுட்டான்."

எலாடியோவும் சிரித்தான். சிரிக்காவிட்டால் இன்னும் ஒரு வருடத்துக்கு அதையே சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். சிரித்தும் சொன்னார்கள்.

குளிர்காலம்தான் அவனுடைய காலம். அக்டோபரில் நம் நாட்டு லீக் தொடங்கிவிடும். சான் கிறிஸ்தோபாலில் ஆடுகிற கூழைக்கடாக்கள் அணியில் அவனுக்கு எப்போதும் ஒரு ஓரம் இருந்தது. மேளமும் தகர டப்பாவும் காது கிழிய, வறுத்த பன்றித்தோல் வாசனை மைதானம் வரை வர, கேலரியிலிருந்து யாராவது கெட்ட வார்த்தையில் அவன் அம்மாவை விசாரிக்க, அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுகூட ஒரு வேலையாகத் தோன்றாது. ஆட்டமில்லாத நாளில் அசுவாவுக்கு ஓடிவந்துவிடுவான். பெண்டாட்டி யுடெல்கா சோள நொய்ப் பொங்கலும் ஆட்டுக்கறியும் ஆக்கி வைத்திருப்பாள். பார்லர் வைத்து நடத்துகிறவள், பேச்சில் யாருக்கும் இளைத்தவளல்ல. மைதானத்தில் எல்லா இடத்திலும் நிற்கிறவன் வீட்டில் மட்டும் ஏன் கட்டிலிலேயே கிடக்கிறான் என்று வாடிக்கைக்காரப் பெண்களைச் சாட்சி வைத்துக் கேட்பாள்.

முப்பத்துமூன்று வயதில் அமெரிக்க வாழ்க்கை முடிந்தது. கோடை பாதி போயிருந்தபோது ஒரு ஹோட்டல் அறையில் போன் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள், நன்றி சொன்னார்கள், விமான டிக்கெட் ஏற்பாடு ஆகிவிட்டது என்றார்கள். நாலு கையுறையோடு வந்து இறங்கினவனின் பையை யுடெல்கா வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தக்காளி லாரி வைத்திருக்கும் அவள் தம்பி, அறுவடைக்கு ஒரு டிரைவர் வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை காதில் போட்டான். எலாடியோ யோசிக்கிறேன் என்றான்.

செப்டம்பர் கடைசியில் கூழைக்கடாக்களின் மேனேஜர் நெரேயோ கேவாஸ் போன் செய்தார். யோவான்சி கூழைக்கடாக்களுக்குத்தான் ஆடுவான், ஆனால் அமெரிக்க அணி அவனை ஜனவரிக்கு முன்னால் விடாது. ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆள் இல்லை. வாக்குக் கொடுக்க முடியாது, வந்து பார் என்றார். எலாடியோ மறுநாள் காலை முதல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான்.

அந்த அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அவன் வாழ்க்கையிலேயே வேறு மாதிரி இருந்தன. மைதானத்துக்குப் போய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடவேண்டியதில்லை. தினமும் அதே இடம், அதே மண். மழை பெய்தால் அந்த மண் எங்கே இறுகும், எந்த மூலையில் பந்து துள்ளும் என்று கால் தானாகக் கற்றுக்கொண்டது. பதினேழு வயதில் விட்ட இடத்தில் முப்பத்துமூன்று வயதில் வந்து நின்றான். கை பழைய கை இல்லைதான். ஆனால் அடிக்கிறவன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று முன்கூட்டியே இரண்டடி நகர்ந்து நிற்கும் புத்தி இப்போது இருந்தது. கூழைக்கடாக்கள் ஜெயித்தார்கள். கீக்கோ கடைச் சுவரில் எலாடியோவின் படம் மாட்டினான். அதன் கீழே ஒருநாள் கீக்கோவே அவனை 'திரு. மெலோ' என்று கூப்பிட்டு வைத்தான். எலாடியோவுக்குக் கூச்சத்தில் பீர் புரையேறிவிட்டது.

அணி இறுதிச் சுற்றுக்குள் போன வாரத்தில் நெரேயோ அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யோவான்சி வர்றான்."

"தெரியும் தலைவரே."

"நான் என்ன சொல்ல வர்றேன்னும் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். சக ஆட்டக்காரர்களோடு சகஜமாகத்தான் பேசினான். பஸ்ஸில் அசுவா வரும்வரை நன்றாகத்தான் இருந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக் கழற்றிச் சுவரில் அடித்தான். பார்லரில் ஒரு பெண்ணின் தலைமுடியை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்த யுடெல்கா, டிரையரை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். நாளையிலிருந்து லாரி ஓட்டப் போவதாகவும், பேஸ்பால் முடிந்துவிட்டதாகவும், இனிமேல் பொண்டாட்டியை விட்டு ஊர் ஊராகப் போகமாட்டேன் என்றும் எலாடியோ கத்தினான். அவள் கேட்டு முடித்தாள்.

"ஓட்டு. லாரி ஓட்டுறது ஒண்ணும் கேவலமில்ல. ஆனா எனக்காக விட்டேன்னு மட்டும் சொல்லாத. இத்தனை வருஷத்துல நான் ஒருநாளாச்சும் கேட்டிருக்கேனா?"

அவள் திரும்பிப் போய் டிரையரைப் போட்டாள்.

சொன்னபடியே மறுநாள் லாரியை எடுத்தான். இறுதிப் போட்டிகளுக்கு முந்தின பயிற்சிக்கு அணி முழுவதும் சான் கிறிஸ்தோபாலில் கூடியிருந்தபோது, கூழைக்கடாக்களின் ஜோக்கர் அசுவா தக்காளி ஆலையின் முன்னால் லாரி வரிசையில் காத்துக்கொண்டிருந்தான். வெயில் கொளுத்தியது. பின்னால் பெட்டி பெட்டியாகத் தக்காளி வெந்துகொண்டிருந்தது. அடையாளம் தெரிந்துகொண்ட ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, ஆட்டம் இருக்கையில் இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலாக மச்சானுக்கு உடம்பு சரியில்லை என்றான். மச்சான் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் வெள்ளை நிறக் கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. யோவான்சி இறங்கினான். கழுத்தில் சங்கிலி, காலில் பளீரென்று வெள்ளை ஷூ. மச்சானைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு அவனிடத்தில் ஏறி உட்கார்ந்தான். வீட்டுக்குப் போயிருந்ததாகவும், யுடெல்கா அண்ணிதான் இங்கே அனுப்பினாள் என்றும் சொன்னான்.

"அண்ணே, நான் மூணாம் பேஸ்ல நிக்கிறேன். நீ உன் எடத்துலயே நில்லு. நெரேயோகிட்ட நான் பேசிக்கிறேன்."

"மூணாம் பேஸ்ல நீ எப்படா நின்ன?"

"நின்னதில்ல."

"அப்புறம் எதுக்கு வாய விடுற?"

"நீ மட்டும் அன்னிக்கு ரெண்டாம் பேஸ் தெரியும்னு கோச்கிட்டப் பொய் சொல்லல?"

எலாடியோ சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கப் பார்த்தது, அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது சிரிப்பால் வந்த தண்ணீர் மட்டுமில்லை என்று யோவான்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ அங்க நின்னாத்தான்டா நாம ஜெயிப்போம்," என்றான் எலாடியோ. "நெரேயோ செஞ்சதுல தப்பில்ல. அதுவும் தெரியுது, தெரிஞ்சும் எரியுது."

"எரியட்டும்ணே. எரியறதோடயே வா. நீ இல்லாம பெஞ்சு பெஞ்சு மாதிரியே இல்ல."

"இந்தத் தக்காளிய எவன் எறக்குறது?"

யோவான்சி கீழே குதித்தான். சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். லாரி முறை வந்ததும் மூன்று பேருமாகப் பெட்டிகளை இறக்கினார்கள். பாதி ஆலை வேலையை விட்டுவிட்டு வந்து போட்டோ எடுத்தது. வெள்ளை ஷூ இரண்டும் தக்காளிச் சாற்றில் ஊறிச் சிவந்துபோயின. சாயங்காலம் அதே காரில் இருவரும் சான் கிறிஸ்தோபால் போய்ச் சேர்ந்தார்கள். நெரேயோ, எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. பயிற்சிக்கு வராததற்கு அபராதம் மட்டும் போட்டார்.

இறுதிச் சுற்று இழுத்துக்கொண்டே போய்க் கடைசி ஆட்டம்வரை வந்தது. தலைநகரத்து அணியோடு ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். யுடெல்கா பார்லரைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். நூரிஸ் அக்கா ஒரு வேன் பிடித்து, கீக்கோ உட்பட தெருவையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். எலாடியோ பெஞ்சில் விதை கொறித்துக்கொண்டிருந்தான். யோவான்சி ஷார்ட்ஸ்டாப்பில் நின்று, வேறு யாருக்கும் எட்டாத இரண்டு பந்துகளை எடுத்துக் கொடுத்தான். எட்டாவது இன்னிங்ஸில் கூழைக்கடாக்கள் ஓர் ஓட்டம் முன்னே போனார்கள். அந்த ஓட்டத்துக்காக நெரேயோ தன் முதல் கேட்சரை எடுத்துவிட்டு, கால் வேகமுள்ள ஒருவனை அவனுக்குப் பதிலாக ஓடவிட்டிருந்தார். எடுத்த ஆளைத் திரும்ப இறக்க முடியாது. அதனால் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்க இரண்டாவது கேட்சர் உட்கார்ந்தான். ஒருவன் அவுட் ஆனான், அடுத்தவன் அடித்து முதல் பேஸில் போய் நின்றான். அப்போது பேட்டின் விளிம்பில் உரசிய பந்து இரண்டாவது கேட்சரின் வெறும் கைக் கட்டைவிரலில் அடித்தது. நகம் பிய்ந்து, விரல் தொங்கிவிட்டது.

மூன்றாவது கேட்சர் என்று யாரும் இல்லை. நெரேயோ பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். ஆட்டக்காரர்கள் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

"நான் உக்காருறேன் தலைவரே," என்றான் எலாடியோ.

"எப்ப உக்காந்திருக்க?"

"எங்க அக்கா எறியறப்ப. வீட்டுப் பின்னாடி."

அது உண்மைதான். நூரிஸ் எறிகிற பந்தின் முன்னால் உட்கார அந்தத் தெருவில் வேறு எவனுக்கும் துணிச்சல் இல்லாததால், பதின்மூன்று வயது வரை தம்பிதான் அவளுக்கு கேட்சர். தினமும் குந்த வைத்து முழங்காலைக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், அமெரிக்காவில் எவரிடமும் அவன் இதை மூச்சுவிட்டதில்லை. நெரேயோ முகமூடியை எடுத்து அவன் கையில் திணித்தார். அது அவன் தலைக்குச் சின்னது. மார்புக் கவசத்தை மாட்டிவிட்ட இரண்டு பேரும் பட்டையைத் தலைகீழாக மாட்டி மறுபடி கழற்றினார்கள். அம்பயர், அவசரமில்லை, உயில் எழுதவேண்டுமானால் எழுதிவிட்டு வா என்று மெல்லச் சொன்னார்.

பிட்சர் வில்கின் இருபத்தோரு வயதுக்காரன், நாட்டிலேயே வேகமாக எறிகிறவர்களில் ஒருவன். நடந்து வந்து, தன் பந்து கடைசி நேரத்தில் கீழே விழும் என்று சங்கடத்தோடு சொன்னான். விழட்டும், நீ பயப்படாமல் போடு என்று எலாடியோ அவனை அனுப்பினான். முதல் பந்து கையுறையைத் தொடாமல் தோளில் வந்து இடித்தது. கண் முன்னால் பூச்சி பறந்தது. பார்வையாளர்களின் இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"கண்ண மூடாதடா கழுத. முட்டிய எறக்கு."

நூரிஸ்தான். அவன் முழங்காலைத் தரைவரை இறக்கினான். அடுத்த பந்து மண்ணில் விழுந்து எகிறியபோது நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினான். முதல் பேஸில் இருந்தவன் இரண்டடி எடுத்துவைத்துத் திரும்பினான். அதற்கடுத்த இரண்டு பந்துகளையும் பேட்ஸ்மேனால் தொட முடியவில்லை, முன்னால் விளிம்பில் உரசினதையும் சேர்த்து மூன்று தவறு. இரண்டுமே கையுறையில் வந்து உட்கார்ந்தன. இரண்டாவது அவுட்.

மூன்றாவதாக இன்னும் ஒருவன் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது, கோப்பை கூழைக்கடாக்களுக்கு. முதல் பேஸில் நின்றவன் அந்த லீகிலேயே வேகமான கால்காரன். பின்னால் உட்கார்ந்திருப்பவன் கேட்சரே இல்லை என்று மைதானத்துக்கே தெரியும். வில்கின் கை உயர்ந்ததும் அந்தக் கால்காரன் இரண்டாம் பேஸை நோக்கிப் பறந்தான். எலாடியோ பந்தைப் பிடித்து, எழுந்து, முகமூடி ஒரு கண்ணை மறைத்த நிலையிலேயே எறிந்தான். எறிந்த உடனே கை சொல்லிவிட்டது, பந்து தாழப் போகிறது என்று. யோவான்சி பேஸுக்குக் குறுக்கே ஓடிவந்து கையுறையை மண்ணோடு தேய்த்தான். புழுதி எழும்பியது. புழுதிக்குள்ளிருந்து கையுறை வெளியே வந்தபோது பந்து அதில் இருந்தது. கையுறை, சறுக்கி வந்தவனின் கணுக்கால் மேல் இருந்தது.

அவுட் என்று அம்பயர் முஷ்டியை உயர்த்தினார். அதற்குப் பிறகு நடந்தது எலாடியோவுக்குச் சரியாக ஞாபகமில்லை. மேலே மேலே ஆட்கள் விழுந்தார்கள். அடியில் கிடந்தவன் முகமூடியைக் கழற்ற முடியாமல் மூச்சுத் திணறினான். யோவான்சி கையை விட்டு அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவன் கன்னத்தில் மாறி மாறித் தட்டினான். யுடெல்கா வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். எப்படித் தாண்டினாள் என்று இன்றுவரை அவளே சொல்வதில்லை. அவன் தோளில் வீங்கியிருந்த இடத்தை அழுத்திப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். நாளைக்கு வலிக்கும் என்றாள். வலித்தது.

மார்ச்சில் வடக்கு மெக்சிகோவிலிருந்து ஓர் அணி கூப்பிட்டது. எல்லா இடத்திலும் நிற்பான், அவசரத்துக்கு கேட்சராகவும் உட்காருவான் என்ற பேச்சு அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே மூன்று கோடைகாலம் ஆடினான். இரண்டாவது கோடையில் யுடெல்காவும் கூடப் போனாள். அங்குள்ள பெண்களுக்கு நம் ஊர் முறையில் முடி நேராக்கக் கற்றுக்கொடுத்து, ஊர் திரும்புகிறபோது பார்லருக்கு ஒரு கிளை வைத்துவிட்டுத்தான் வந்தாள். எலாடியோ நிரந்தரமாக எந்த இடத்திலும் நிற்கவில்லை. தாளில் பெயர் தேடும் வழக்கமும் போகவில்லை. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இல்லாத நாளில் கொஞ்சம் எரியும். அதோடு போய் விதைப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்துகொள்வான்.

இப்போதும் ஜனவரியில் யோவான்சி அசுவா பக்கம் வந்தால் இரண்டு பேரும் கீக்கோ கடையில்தான் இருப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த எறிதலில்தான் வந்து முடியும். பந்து தரையில் படவே இல்லை, நேராகக் கையுறைக்குத்தான் போனது என்பது எலாடியோவின் கட்சி. இரண்டு தடவை குதித்தது, மூன்றாவது தடவை குதிப்பதற்குள் தான் போய் எடுத்தேன் என்பது யோவான்சியின் கட்சி. கீக்கோவின் போனில் வீடியோ இருக்கிறது. போட்டால் அந்த இடத்தில் வெறும் புழுதிதான் தெரியும். போன வாரம் யுடெல்காவைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அவள் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பந்து குதித்ததா இல்லையா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், வேலிப் பக்கம் தான் ஓடிவருவது தெரிகிற இடத்தில் நிறுத்தி, அந்தப் படத்தை மட்டும் தனக்கு அனுப்பி வைக்கும்படி கீக்கோவிடம் கேட்டாள்.